டீச்சரின் வலது கால்

அத்தியாயம் ஒன்பது

வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. அதில் ஒரு விசில். அந்த வீட்டுச் சட்டம் முழுவதும் அந்த ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

விசில் ஆணியில் இருந்தால் டீச்சர் வெறும் அம்மா. கழுத்தில் ஏறிவிட்டால் கோச். அம்மாவை 'நீ' என்று கூப்பிடலாம், மடியில் தலை வைத்துப் படுக்கலாம், ஆனால் வாலிபாலைப் பற்றி மூச்சு விடக் கூடாது. கோச்சை 'நீங்க' என்றுதான் சொல்ல வேண்டும். பசிக்குது, கால் வலிக்குது என்று சிணுங்கவும் கூடாது. மகள் அணியில் சேர்ந்த அன்று இருவரும் கை குலுக்கிச் செய்துகொண்ட ஒப்பந்தம் இது. அப்பாவுக்கு இதில் இடமில்லை. எந்த நேரத்தில் எதைக் கேட்கலாம் என்று தெரியாமல் இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்வது அவருடைய பங்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் டீச்சர் ஆணிக்கு முன்னால் நின்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை, டிரைவிங் ஸ்கூல் டீச்சர். அந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்த பெண்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவர்கள். மாலையில் சிறுமிகள் வாலிபால் அணிக்குக் கோச்சும் அவள்தான். மகள் பட்டாணியும் அதே அணியில் ஆடுகிறாள். பிறந்தபோது கையளவுதான் இருந்தாள் என்று வைத்த செல்லப் பெயர் அது. இன்றைக்கு அணியிலேயே நெடுநெடுவென்று வளர்ந்து நிற்பவள் அவள்தான். பெயர் மட்டும் வளரவில்லை.

போன வாரம் நடந்ததைப் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தவறவிட்டவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பட்டாணி சர்வீஸில் சொதப்பி, சுலபமாக ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை இழுபறியில் கொண்டுவந்து விட்டாள். ஜெயித்தது என்னவோ உண்மைதான். ஆனால் மருந்துக்கடைக்காரர் விடுவாரா? "சொந்தப் பொண்ணுன்னா எவ்வளவு சொதப்பினாலும் உள்ளயே இருக்கலாம். எங்க பொண்ணுங்க எல்லாம் தண்ணி பாட்டில் தூக்கத்தான் வந்திருக்கு போல" என்று அத்தனை பெற்றோர் முன்னாலும் போட்டு உடைத்தார். டீச்சருக்குச் சுருக்கென்றது. அதே சூட்டில், "அரையிறுதியில என் பொண்ணு முதல் செட் ஆட மாட்டா. போதுமா?" என்று சொல்லிவிட்டாள்.

ஊருக்கே சொன்னவள் மகளிடம் சொல்லவில்லை. பட்டாணி காதுக்கு எப்படியும் போயிருக்கும். ஆனாலும் இவள் வாயால் சொல்லவில்லையே. ஒரு வாரமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். இன்றுதான் அரையிறுதி. இனித் தள்ளிப்போட முடியாது.

அம்மாவாகச் சொல்வதா, கோச்சாகச் சொல்வதா? ஆணிக்கு முன்னால் அதுதான் யோசனை. கடைசியில் விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

சாப்பாட்டு மேசையில் பட்டாணி முழங்கால் பட்டைகளை மாட்டிக்கொண்டிருந்தாள். அப்பா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு முதல் செட் நீ வெளியதான் உக்காரணும்" என்றாள் டீச்சர்.

பட்டாணி நிமிர்ந்தாள். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கழுத்தைப் பார்த்தாள்.

"தெரியும் கோச். மாத்திரை சொன்னா."

மாத்திரை என்பது மருந்துக்கடைக்காரரின் மகள். அணியில் வைத்த பெயர். அவளும் அதற்குக் கோபித்துக்கொள்வதில்லை.

"ஏன்னு கேக்க மாட்டியா?"

"மாத்திரையோட அப்பா கத்தினாரு. அதான்."

"அதுக்காக மட்டும் இல்ல." டீச்சரின் குரல் உயர்ந்தது. "பிராக்டிஸ்ல நான் அந்தப் பக்கம் திரும்பி மத்த பொண்ணுங்களைப் பாத்துக்கிட்டு இருக்கும்போது எம்பி அடிக்கிற. சத்தத்தைக் கேட்டாலே எனக்குத் தெரியும், அது உன் சர்வீஸ்னு. மேட்ச்னு வந்துட்டா மட்டும் ஓடி வந்து, பந்தைத் தூக்கிப் போட்டு, கடைசியில பொசுக்குன்னு தட்டி விடுற. தைரியம் இல்ல உனக்கு."

"தைரியம் எல்லாம் இருக்கு."

"எங்க இருக்கு? ஏங்க, போன வார வீடியோவைப் போடுங்க. அவளே பாக்கட்டும்."

வெண்ணெய்க் கத்தி அப்படியே நின்றது. "இப்பவா? கிளம்புற நேரத்துல..."

"இப்பத்தான்."

அப்பாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஊரார் கண்ணையெல்லாம் சோதித்து நம்பர் சொல்கிறவர். ஆட்டங்களைப் படம் பிடிக்கும் பொறுப்பை அவராகவேதான் கேட்டு வாங்கிக்கொண்டார். சீசன் முழுக்க ஒரு ஆட்டம் விடாமல் எடுத்தார். டீச்சருக்கு உட்கார்ந்து பார்க்கத்தான் நேரம் கிடைக்கவில்லை.

அவர் போனை நீட்டினார். நீட்டிய கையில் ஒரு தயக்கம் இருந்தது.

திரையில் டீச்சர் உட்கார்ந்திருந்தாள். பந்தின் சத்தம் கேட்டது, ஷூக்கள் கிறீச்சிடுவது கேட்டது, பெற்றோர்கள் கத்துவது கேட்டது. ஆனால் தெரிந்தது டீச்சர் மட்டும்தான்.

"இதுல பந்து எங்க?"

"பந்து வராது."

"பட்டாணி?"

"அவளும் வர மாட்டா. இங்க பாரு, பந்து ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. நீ ஒரே எடத்துல உக்காந்திருக்க. படம் ஆடாம வருது."

"எல்லா மேட்சும் இப்படித்தான் எடுத்தீங்களா?"

"ஒண்ணு ரெண்டுல வலைகூட வந்திருக்கு."

பட்டாணி முழங்கால் பட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. டீச்சருக்கு எரிச்சலும் வெட்கமும் சேர்ந்து வந்தன. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து இந்த மனுஷன் தன்னை இப்படிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்பதில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. அதைக் காட்டிக்கொள்ள இது நேரமில்லை. போனை அணைக்கப் போனாள்.

அப்போது போனுக்குள்ளிருந்து, "பட்டாணி சர்வீஸ்!" என்று யாரோ கத்தினார்கள். திரையில் இருந்த டீச்சரின் வலது கால் சட்டென்று முன்னால் நீண்டு, தரையை ஓங்கி மிதித்தது. அடுத்த நொடி, "ச்சே" என்று கூட்டம் உச்சுக் கொட்டியது.

டீச்சர் படத்தைப் பின்னுக்குத் தள்ளினாள். மறுபடி பார்த்தாள். வேறு பெண்கள் சர்வீஸ் போடும்போதெல்லாம் அந்தக் கால் சாதுவாக இருந்தது. பட்டாணியின் பெயர் கேட்டால் போதும், ஒரே மிதி.

அந்த மிதி எதுவென்று அவளுக்குத் தெரியாதா? டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். பழகுகிறவர் சுவரைப் பார்த்து வண்டியை விட்டால், "பிரேக்" என்று வாய் சொல்வதற்குள் கால் மிதித்துவிடும். வருஷக்கணக்காக அந்தக் கால்தான் அவளுக்குச் சோறு போடுகிறது.

"பட்டாணி."

"சொல்லுங்க கோச்."

"சர்வீஸ் போடும்போது நீ எங்க பாக்குற?"

"எதிர்ல."

"நிஜமா?"

பட்டாணி பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உங்க காலை."

பட்டாணி குழந்தையாக இருந்தபோது பார்த்துக்கொள்ள ஆளில்லை. காரின் பின் சீட்டில் பெல்ட்டைப் போட்டு உட்காரவைத்துக்கொண்டுதான் டீச்சர் வகுப்பெடுப்பாள். அப்பளம்போல் நசுங்க வேண்டியவர்கள் எத்தனையோ பேர் தப்பித்த கதையையெல்லாம் நேரில் பார்த்தவள் அந்தக் குழந்தை.

"பின்னாடி இருந்து உன் காலைத்தான் பாத்துக்கிட்டே வருவேன்" என்றாள் பட்டாணி. 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று அவளுக்கே தெரியவில்லை. "நீ மிதிச்சா ஏதோ வருதுன்னு அர்த்தம். சீட்டைக் கெட்டியாப் புடிச்சுக்குவேன். இப்பவும் அப்படித்தான் ஆகுது. நீ மிதிக்கிறது கண்ணுல பட்டதும் கை தானா நின்னுடுது."

"நான் தப்பா மிதிச்சிருந்தா?"

"நீ தப்பா மிதிச்சதே இல்லையேம்மா."

கோச்சை 'அம்மா' என்று கூப்பிட்டதற்கு வழக்கமாக மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும். டீச்சர் அதைச் சொல்லவில்லை. பயந்தாங்கொள்ளி என்று இத்தனை நாளும் யாரைத் திட்டிக்கொண்டிருந்தோம்? பயம் முழுக்கத் தன் காலில் இருந்திருக்கிறது.

ஆனால் அழுதுகொண்டு உட்காரும் ரகம் அவள் இல்லை. எழுந்து கார் சாவியை எடுத்தாள்.

"சொன்னது சொன்னதுதான். முதல் செட் நீ வெளிய. அதுக்கப்புறம் பாக்கலாம்."

"காலு?"

"அதை நான் பாத்துக்கறேன்."

"அப்ப என் வீடியோ உபயோகமாத்தான் இருந்திருக்கு" என்றார் அப்பா.

"ரொட்டியை எடுத்துக்கிட்டு வண்டியில ஏறுங்க."

விளையாட்டு அரங்கத்துக்குள் பழைய ரப்பர் வாசனை. இன்னொரு அரையிறுதி அப்போதுதான் முடிந்திருந்தது. பச்சைச் சட்டை அணி இறுதிக்குப் போய்விட்டது. அவர்களுடைய கோச், முடியை ஒட்ட வெட்டிய உயரமான பெண்மணி, கிளம்பாமல் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வரப்போகும் எதிரியை வேவு பார்க்க நிற்கிறாள் என்று டீச்சர் நினைத்தாள். அந்தப் பெண்மணி பட்டாணியைப் பார்த்துத் தலையசைத்ததும், பட்டாணி குனிந்து ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டியதும் டீச்சர் கண்ணில் படத்தான் செய்தன. அப்போதைக்கு அது மனசில் ஏறவில்லை.

எதிரே நீலச் சட்டை அணி. முதல் செட்டில் பட்டாணியின் இடத்தில் மாத்திரை இறங்கினாள். இறங்கியவள் சும்மா சொல்லக் கூடாது, பின்னி எடுத்தாள். விழுந்து விழுந்து பந்தை எடுத்தாள். செட் இவர்கள் கைக்கு வந்தது. பெஞ்சில் இருந்த பட்டாணிதான் எல்லோரையும்விட அதிகமாகக் கத்தினாள். மருந்துக்கடைக்காரர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு அக்கம்பக்கத்தில் கை கொடுத்துக்கொண்டிருந்தார்.

டீச்சருக்குச் சந்தோஷம்தான். பொறாமை துளியும் இல்லை என்று சொன்னால் பொய்.

இரண்டாவது செட்டில் நீலச் சட்டைகள் விழித்துக்கொண்டன. மாத்திரை குள்ளம், வலைக்கு மேல் அவள் கை எட்டாது என்று கண்டுபிடித்து, அடித்ததையெல்லாம் அவள் தலைக்கு மேலேயே அடித்தார்கள். செட் போயிற்று. மாத்திரை மூச்சு வாங்க வந்து நின்றாள்.

இனி ஒரே ஒரு செட். தோற்றால் சீசன் இன்றோடு முடிந்தது.

டீச்சருக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். பின்னால் பெற்றோர் வரிசையிலிருந்து அத்தனை கண்களும் முதுகில் குத்தின. பட்டாணியை இறக்கித் தோற்றால், காலத்துக்கும் பேசுவார்கள். இறக்காமல் தோற்றால், யாரும் எதுவும் பேச மாட்டார்கள்; பட்டாணி ஒரு வார்த்தை சொல்லாமல் முழங்கால் பட்டைகளைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவாள். டீச்சருக்கு இரண்டாவதுதான் தாங்காது. ஆனால் அவள் முடிவு செய்தது அதனால் இல்லை. வலைக்கு மேல் கை எட்டுகிற ஆள் வேண்டும். அது யாருடைய மகளாக இருந்தால் என்ன?

"மாத்திரை, பிரமாதமா ஆடின. இப்ப உக்காரு. பட்டாணி, உள்ள போ."

"வந்துட்டாங்கய்யா மகாராணி!" என்றது ஒரு குரல். யாருடையது என்று திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

பட்டாணியின் முதல் சர்வீஸ் வந்தது. டீச்சர் முன்னேற்பாடாக விளையாட்டுப் பையைத் தூக்கி வலது காலின் மேல் வைத்திருந்தாள். பந்து மேலே போனதும் பையோடு சேர்த்துக் கால் மிதித்தது. பட்டாணியின் கை தயங்கியது. பந்து மெதுவாக வலையைத் தாண்டி வர, நீலச் சட்டை ஒருத்தி அதை ஓங்கி அறைந்தாள்.

பட்டாணி இவளைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. 'பரவாயில்லம்மா' என்பதுபோல் ஒரு பார்வை. டீச்சரை அதுதான் உலுக்கியது.

குனிந்தாள். இரண்டு ஷூக்களையும் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளினாள். அந்தக் குறுகலான பிளாஸ்டிக் நாற்காலியில், அத்தனை பேர் பார்க்க, காலை மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மிதிக்கத் தரையே இல்லாதபோது கால் என்ன செய்துவிடும்?

மேடை மேல் நின்ற நடுவர் எட்டிப் பார்த்தார். கோச் சம்மணம் போடக் கூடாது என்று எந்த விதியும் அவருக்கு ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது, திரும்பிக்கொண்டார். "தியானம் பண்ற நேரமா இது?" என்றார் மருந்துக்கடைக்காரர். வரிசை முழுக்கச் சிரித்தது.

அடுத்த முறை பட்டாணி கோட்டுக்குப் பின்னால் பந்தோடு வந்து நின்றாள். வழக்கம்போல் கண் காலைத் தேடியது. தரையில் கால் இல்லை. ஒரு ஜோடி வெறும் ஷூதான் இருந்தது. குழம்பிப்போய் நாற்காலியைப் பார்த்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஓடி வந்து, எம்பி, ஒரே அடி.

பந்து எதிர்ப்பக்கத்துக் கோட்டையும் தாண்டி, சுவரில் மோதி, பச்சைக் கோச்சின் காலடியில் போய் நின்றது.

கூட்டம் தலையில் கை வைத்தது. "எடுங்க அந்தப் பொண்ணை!" என்று சத்தம் கிளம்பியது. மடியில் சிக்கிக் கிடந்த வலது கால் துடியாய்த் துடித்தது. டீச்சர் இரண்டு கைகளாலும் பாதத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பட்டாணி! அடுத்ததும் இதே மாதிரி அடிக்கணும்! குறைக்காத!"

அவளுடைய குரல் நடுங்கவில்லை. நடுங்கவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் கத்தினாள்.

புள்ளிகள் மாறி மாறி ஏறின. இரண்டு பக்கமும் சமமாக வந்து நின்றபோது, சர்வீஸ் சுற்றிக்கொண்டு மறுபடி பட்டாணியிடமே வந்தது. இப்போது ஜெயிக்க அடுத்தடுத்து இரண்டு புள்ளி வேண்டும். மருந்துக்கடைக்காரர்கூட வாயை மூடிக்கொண்டார்.

இந்த முறை பட்டாணி நாற்காலிப் பக்கம் பார்க்கவில்லை. நேராக எதிர்ப்பக்க மூலையைப் பார்த்தாள். ஓடி வந்தாள், எம்பினாள். கை பந்தில் பட்ட சத்தம் டீச்சருக்குத் தெரிந்த சத்தம். இதுவரை முதுகுக்குப் பின்னால் மட்டுமே கேட்டதை முதன்முறையாகக் கண்ணால் பார்த்தாள். மூலையில் விழுந்த பந்தை எதிர்ப்பக்கத்தில் யாரும் தொடக்கூட இல்லை.

அடுத்ததையும் பட்டாணி அதே மூலைக்கு அடித்தாள். ஒருத்தி பாய்ந்து கையைக் கொடுத்தாள். பந்து அவள் கையில் பட்டு எங்கோ தெறித்துப் போனது.

பெண்கள் "ஹோ"வென்று கத்திக்கொண்டு டீச்சரை நோக்கி ஓடி வந்தார்கள். டீச்சரால் எழுந்திருக்க முடியவில்லை. கால் இரண்டும் மரத்துக் கட்டையாகி இருந்தன. மாத்திரையும் பட்டாணியும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து நாற்காலியிலிருந்து பிய்த்தெடுத்தார்கள். அப்பா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றார். என்ன எடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை.

மருந்துக்கடைக்காரர் மெல்ல வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "சாயங்காலம் கடைப்பக்கம் வாங்க டீச்சர். கால் மரத்துப் போறதுக்கு நல்ல தைலம் வந்திருக்கு."

"கட்டாயம் வர்றேன். உங்க பொண்ணு இல்லன்னா முதல் செட்டே இல்ல" என்றாள் டீச்சர், மனசார.

நொண்டிக்கொண்டே திரும்பியபோது, குழாயடியில் பட்டாணியும் பச்சைக் கோச்சும் பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது. பட்டாணி ஏதோ சொன்னாள். அந்தப் பெண்மணி அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது பட்டாணி டிரைவிங் ஸ்கூல் காரின் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். அப்பா பின் சீட்டில், மடியில் பந்து மூட்டையோடு உட்கார்ந்தார். டீச்சர் ஓட்டினாள். தெரு காலியாகக் கிடந்தது. இறுதி ஆட்டத்துக்கு யாரை எங்கே நிறுத்துவது என்று மனசு அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

கார் திடீரென்று குலுங்கி நின்றது. பின்னால் பந்துகள் உருண்டன.

"யாரு மிதிச்சது?"

"நான்தான்" என்றாள் பட்டாணி. அவள் கால் கற்றுக்கொடுப்பவர் பக்கத்துப் பிரேக்கின் மேல் இருந்தது.

"எதுக்கு? ரோடு காலியாத்தானே இருக்கு?"

"ஒண்ணு சொல்லணும் கோச். ஓடுற வண்டியில சொன்னா எங்கயாவது இடிச்சிடுவீங்க."

டீச்சர் ஓரமாக ஒதுக்கி நிறுத்தி எஞ்சினை அணைத்தாள்.

"பச்சை டீம் கோச் அடுத்த சீசனுக்கு என்னைக் கூப்பிட்டாங்க. போன வாரமே கேட்டாங்க. இன்னிக்கு, சரின்னு சொல்லிட்டேன்."

அப்பா ஒரு பந்தைப் பொறுக்கக் குனிந்தவர், நிமிரவேயில்லை.

"இன்னிக்கா?" டீச்சர் அவள் பக்கம் திரும்பினாள். "இன்னிக்குத்தானே நான்..."

"ஆமா. நீங்க காலை மேல தூக்கி வச்சுக்கிட்டீங்க. அப்பத்தான் எனக்கு, அவங்ககிட்ட சரின்னு சொல்லிடலாம்னு தோணுச்சு."

"அடுத்த வாரம் ஃபைனலே அவங்களோடதான்."

"அதுல உங்களுக்குத்தான் ஆடுவேன். உயிரைக் கொடுத்து ஆடுவேன். நீங்களும் இன்னிக்கு மாதிரியே உக்காரணும்."

டீச்சர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். சொல்வதற்கு நூறு வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. ஒவ்வொன்றும் ஒரு பிரேக். ஒவ்வொன்றாக விழுங்கினாள்.

"சரி. கோச்கிட்ட சொல்லிட்ட. அம்மாகிட்ட?"

பட்டாணி அவள் கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்தாள்.

"வீட்டுக்குப் போய், அதை ஆணியில மாட்டினதும் சொல்றேன். அம்மா அழுவா."

வீட்டுக்கு இன்னும் இரண்டு திருப்பங்கள்தான் இருந்தன. கோச் வண்டியைக் கிளப்பினாள்.